பழைய கணினிக்குப் பழைய மொனிற்றரே பொருத்தம்

கேள்வி: சித்தப்பா லண்டனிலிருந்து கொண்டுவந்த பிபிசி மைக்ரோ கணினியை விஜிஏ மொனிற்றரில் இணைத்தால் படம் வரவில்லை. வீட்டிலுள்ள பழைய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி வயர்களில் வரும்) மொனிற்றரில் நேரடியாக இணைக்கலாமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: 1981இல் வெளிவந்த அக்கணினியின் கிடைவரி மீடிறன் (ஒரு செக்கனில் திரையில் வரையப்படும் கிடைவரிகளின் எண்ணிக்கை) 15.625 கிலோஹேட்ஸ், விஜிஏ மொனிற்றர் எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 31.5 கிலோஹேட்ஸ் என்பதால், வயரை மாற்றுவதால் மட்டும் அதில் படம் வராது. உங்கள் பழைய மொனிற்றரே இதற்கு உரியது. ஆயினும், அது எவ்வகை ஆர்ஜிபி என்பதை முதலில் அறிய வேண்டும். கணினியின் ஆறு முனைச் செருகியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் ரிரிஎல் மட்டத்தில், அதாவது உண்டு அல்லது இல்லை என்ற இரு நிலைகளில் மட்டுமே வருகின்றன. எட்டு நிறங்கள் தெரிவதும் அதனாலேயே. மொனிற்றரும் ரிரிஎல் வகையானால் நேரடியாக இணைக்கலாம். நிறத்தின் அளவு படிப்படியாக மாறக்கூடிய அனலொக் வகையானால் அது எதிர்பார்ப்பது 75 ஓமில் 0.7 வோல்ற்று மட்டுமே. ஆகவே ஒவ்வொரு நிற வயரிலும் தொடராக ஒரு தடையி வேண்டும். கணினியின் நிற வெளியீடு 5 வோல்ற்று எனில் 470 ஓம், 3.5 வோல்ற்று அளவில் எனில் 330 ஓம் பொருந்தும். பன்மானியால் அளந்த பின்னரே ஈயம் பிடியுங்கள். ஆறாம் முனையிலுள்ள 5 வோல்ற்று மின்வழங்கலை எதனுடனும் இணைக்காதீர்கள். படம் உருண்டோடினால் ஒத்திசைவு வயரை (படத்தின் வரிகள் தொடங்கும் நேரத்தை மொனிற்றருக்கு அறிவிப்பது) சரிபாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மின்வழங்கியிலுள்ள மெயின்ஸ் வடிகட்டிக் கொள்ளளவிகளை அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு மாற்றுவியுங்கள். இக்கணினிகளில் அவை முதுமையில் வெடித்துப் புகைவது வழமை.