ஊரடங்கு மாதங்களில் வீடியோ கலைஞர்களின் வேலை எப்படி மாறியது?

வீட்டை விட்டு வெளியே போக முடியாத அந்த மாதங்களில் வீடியோ ஆர்ட் செய்பவர்கள் என்ன செய்தீர்கள், உங்கள் வேலைமுறை மாறியதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். நான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைக்கிறேன். மிச்ச நேரத்தில் வீடியோ ஆர்ட். கதையோ நடிகர்களோ இல்லாமல், காட்சிக்கூடத்தின் சுவரில் திரும்பத் திரும்ப ஓடுமே, அந்த மாதிரி.

2020 மார்ச் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போவேன், எடுத்துக் குவிப்பேன். காசிமேடு, கொத்தவால் சாவடி, பறக்கும் ரயில் நிலையங்கள். எடுத்ததில் பாதியை மறுபடி போட்டுப் பார்த்ததுகூடக் கிடையாது. மார்ச் 25-க்குப் பிறகு எனக்கென்று மிஞ்சியது மேற்கு மாம்பலத்தில் மூன்றாவது மாடி பால்கனிதான். கல்யாணங்கள் நின்றதும் வருமானமும் நின்றது. அது தனிக் கதை.

பால்கனியில் ட்ரைபாடைப் போட்டுத் தெருவை எடுக்க ஆரம்பித்தேன். என் கேமராவில் ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 நொடிக்கு மேல் பதிவாகாது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்துபோய்ப் பட்டனை அழுத்த வேண்டும். எதிர் மொட்டைமாடிக்கு வடாம் காயவைக்க வரும் பாட்டி நான்காம் நாள் குரல் கொடுத்தார்: "ஏம்மா, தெருவில ஒண்ணுமே நடக்கலையே, எதைப் பிடிச்சிண்டிருக்கே?" சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சொல்ல எனக்குப் பதில் தெரியவில்லை.

அதற்குள் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. இருந்ததே 2 டிபி. ரிச்சி தெரு மூடியிருந்தது, ஆன்லைனிலும் அத்தியாவசியப் பொருள் தவிர எதுவும் வராது. புதிதாக எடுக்க வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும், அழிக்கும் முன் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படித்தான் அன்றன்று எடுத்ததை அன்று ராத்திரியே, தள்ளித் தள்ளி ஓட்டாமல், உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் வந்தது. வடாம் துணியின் மூலைகளில் பாட்டி வைக்கும் கற்கள் தினமும் ஒரே மாதிரி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் இரண்டு கல். கேமராவுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்றிருந்தும் இது என் கண்ணில் படவே இல்லை.

ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கும். வெளிச்சம் போனதும் கேமரா தானாகவே ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனை, ஏற்றிக்கொண்டே போக, படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகிவிட்டது. அதற்கு நடுவில் எதிர் மாடியில் ஓர் அகல் விளக்கு, காற்றுக்கு அதை மறைத்துப் பிடித்த ஒரு கை. எங்கோ பட்டாசு. ஒரு வெட்டுகூடப் போடாமல் அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமனின் ஒரு வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். 2000-ல் நியூ மெக்சிகோவில் தன் ஸ்டுடியோவுக்குள் அகச்சிவப்புக் கேமராவை இரவில் ஓடவிட்டு அவர் போய்விட்டார். பதிவானது எலிகளும் பூனையும்தான். அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஓடும். அன்றைக்கு அது வெறும் சோம்பல் என்று நினைத்தேன். தவறாக நினைத்திருக்கிறேன். அவ்வளவையும் உட்கார்ந்து பார்ப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது ஏப்ரலில்தான் உறைத்தது. அதே 2020-ல் மும்பைக் கலைஞர் நளினி மலானி ஐபேடில் விரலால் வரைந்த 88 குட்டி அனிமேஷன்கள் லண்டன் ஒயிட்சேப்பல் காட்சிக்கூடத்தின் சுவர்களில் ஓடின. எழுபதைத் தாண்டியவர், அவற்றை இன்ஸ்டாகிராமிலும் போட்டுவந்தார். குழுவும் இடமும் பணமும் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்த காரணமெல்லாம் அதோடு போயிற்று.

ஜூன் 19-லிருந்து சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு. அந்த வாரம்தான் அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் பெரியப்பா காலமானார். இ-பாஸ் வருவதற்குள் எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்துபோனது. அங்கிருந்து பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டார். அப்பா கூடத்தில் தரையில் உட்கார்ந்து போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டார். சங்கு ஊதியபோது போன் அதை ஏதோ இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அறுத்து அறுத்து அனுப்பியது. பாதிச் சங்கு, அப்புறம் நிசப்தம், அப்புறம் பாதிச் சங்கு. வாய்க்கரிசி போடும் நேரத்தில் படம் உறைந்துவிட்டது. அப்பா உள்ளே போய் ஒரு பிடி அரிசி எடுத்து வந்திருந்தார். போட இடமில்லை. கால் துண்டான பிறகும் கையை மூடியபடியே உட்கார்ந்திருந்தார்.

நானும் பழக்க தோஷத்தில் என் போனிலிருந்து அந்தக் காலில் சேர்ந்து, திரையைப் பதிவு செய்யும் பட்டனை அழுத்தியிருந்தேன். அன்று ராத்திரியே அதை அழித்தேன். பெரியப்பாவின் முகத்தை அந்த நிலையில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று பட்டது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பால்கனியில் கேமரா வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்ததை மறந்தே போயிருந்தேன். மறுநாள் போட்டுப் பார்த்தால், படத்தில் எங்கள் தெரு. ஒரு நாய் கேட்டருகே படுத்திருக்கிறது, தண்ணீர் லாரி ஒன்று போகிறது. ஒலியில், பின்னாலிருந்து, அறுந்த சங்கும் ஊர் அத்தைகளின் அழுகையும், "கேக்குதா சித்தப்பா, கேக்குதா?" என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்பதும்.

இப்போது முன்பு எடுத்ததில் கால்வாசிதான் எடுக்கிறேன். எடுக்கும் நேரத்தைவிடப் பார்க்கும் நேரம் அதிகம். கேமராவை எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்பதையும் யோசிக்கிறேன். வேலைமுறை மாறியதா என்ற கேள்விக்கு இதுதான் என் பதில்.

அந்தப் பால்கனிப் பதிவிலிருந்து 11 நிமிடத்தை எடுத்து வைத்து, அதைக் காட்சிக்கு வைக்கலாமா என்று ஒரு வருடம் கழித்து அப்பாவிடம் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போடும்மா. ஆனா என்னைப் பார்க்கச் சொல்லாதே" என்றார். இரண்டு தடவை காட்சிக்கு வைத்தாயிற்று. அப்பாவைக் கூப்பிடவில்லை.