பட்டம் இருக்கிறது, ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்வதா, அதிகாரியாகவா?

சம்பளமும் பதவி மரியாதையும் அதிகாரிக்கே அதிகம், அதில் விவாதமே இல்லை. ஆனால் தினமும் என்ன வேலை செய்யப் பிடிக்கும் என்பதை முதலில் யோசியுங்கள்.

தரைப்படையில் பயிற்சி முடித்த இளம் அதிகாரிக்குப் பெரும்பாலும் சுமார் 30 பேர் கொண்ட பிளட்டூனைக் கொடுப்பார்கள். திட்டமிடுவது, உத்தரவிடுவது, அறிக்கை எழுதுவது, யாரோ செய்த தவறுக்கும் பதில் சொல்வது என்றே பொழுது போய்விடும். எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, ரேடியோ இயக்குவது போன்ற கைவேலை பிடித்தவருக்கு இது சலிக்கும். அந்தத் திறமைகள் சிப்பாய், சார்ஜென்ட் (சிப்பாயிலிருந்து உயர்ந்த அனுபவசாலி) வரிசையில்தான் வளரும். புது லெப்டினன்ட்டே (தொடக்க நிலை அதிகாரி) பல விஷயங்களைச் சார்ஜென்ட்டிடம்தான் கற்றுக்கொள்கிறார்! போர் விமானம் ஓட்ட ஆசை என்றால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், அதிகாரி வழிதான்.

சிப்பாயாகச் சேர்ந்து அப்புறம் அதிகாரி ஆகலாமா? பல நாடுகளில் வழி உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, மேலதிகாரியின் பரிந்துரை வேண்டியிருக்கும், வயது வரம்பும் நெருக்கும். அதனால் தலைமைப் பொறுப்பில் விருப்பம் இருந்தால் முதலில் அதிகாரித் தேர்வையே முயலுங்கள். எந்த வழியானாலும், எத்தனை ஆண்டு சேவை, எந்தப் பிரிவு என்பதை வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.