நடந்தால் அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. ஈசிஜி நார்மல். கேஸ் (வாயு) என்று விடலாமா?

விடாதீர்கள். நாம் மேடு ஏறுகிறோமா, கட்டிலில் கிடக்கிறோமா என்பது கேஸுக்குத் தெரியாது. இதயத்துக்குத் தெரியும்.

என் மாமா கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவில் மரம் மரமாக ஏறி இறங்குபவர். 53 வயசு, ஒட்டின வயிறு. மேட்டு மரங்களுக்குப் போகும்போது மட்டும் நடுநெஞ்சில் பாறையை வைத்த மாதிரி இருக்கும், தாடை வரை இழுக்கும். உட்கார்ந்து ஒரு பீடி பிடித்தால் போய்விடும். பீடியால்தான் போகிறது என்றே நம்பினார்! "வாயுதான் மக்கா" என்பார். அத்தை சுக்குத் தண்ணி போட்டுக் கொடுப்பார். ஈசிஜியும் நார்மல் என்றதும் எல்லோரும் நிம்மதியாகிவிட்டோம்.

அந்த நிம்மதியில் ஆறு மாதம் போனது. படுக்கவைத்து எடுக்கிற ஈசிஜியில், ஓய்வில் இருக்கும் இதயம்தான் தெரியும். ரத்தக்குழாய் 70 சதவீதம் சுருங்கியிருந்தாலும் ஓய்வு நேரத்துக்கு வேண்டிய ரத்தம் வந்துவிடும், ஏற்றத்தில்தான் பற்றாது. அதனால்தான் டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்க்கும் டிஎம்டி, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, தேவைப்பட்டால் ரத்தக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் ஆஞ்சியோ எல்லாம். மாமாவுக்கு ஒரு குழாயில் 90 சதவீதம் அடைப்பு. குழாயை விரித்துப் பிடிக்கிற ஸ்டென்ட் என்ற கம்பிவலையை வைத்தார்கள்.

இரண்டு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார், "அதான் கம்பி வச்சாச்சே" என்று. ஸ்டென்ட் சரிசெய்வது ஓர் இடத்தை. கொழுப்போ குழாய்ச் சுவருக்குள்ளேயே பல இடங்களில் ஊறிக் கிடக்கிறது. சின்னப் படிவு ஒன்றின் மேல்தோல் கிழிந்து அங்கே ரத்தம் உறைந்தாலும் மாரடைப்புதான். ஸ்டென்டுக்குள்ளும் உறையலாம். டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நம்ம ஊர்ச் சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைகொழுப்பு, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கூட்டும். சாளை (மத்தி) நல்ல மீன். குழம்பில் போட்டால் நல்லது, எண்ணெயில் முக்கிப் பொரித்தால் பாதி நன்மை போச்சு. ஆனால் மாமா விஷயத்தில் தேங்காயைவிட நான் திட்டுவது பீடியைத்தான். உடல் உழைப்பு இருந்தால் இதயநோய் வராது என்பதும் பொய். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்பாவை இந்த வாரமே இதய டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை ஏற்றமும் சுமையும் வேண்டாம். சும்மா இருக்கும்போதே வலித்தால், வியர்த்தால், 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் ஏற்றாதீர்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறதென்றால் அதுவும் உதவும்: 2023-இல் வந்த தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் என மூன்று வகையில் மொத்தம் 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

போகும்போது அந்த நார்மல் ஈசிஜி தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். அத்தை அதில் மளிகைக் கணக்கு எழுதி வைத்திருந்தார்.