மணலுக்குள் போன ஊர், மாடியில் நடந்த நகரமன்றம்

இடைக்காலத்தில் வளர்ந்து, அப்புறம் காணாமலே போன வேல்ஸ் சந்தை நகரம் எது, ஏன் அழிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ட்ரெலெக்கைத்தான் பலரும் சொல்வார்கள். என் தேர்வு கென்ஃபிக். தெற்கு வேல்ஸில், போர்ட் டால்பட்டுக்குப் பக்கத்தில் கடலோரமாக இருந்த ஊர்.

12ஆம் நூற்றாண்டில், கிளாமோர்கனைப் பிடித்துவைத்திருந்த நார்மன் பிரபு, குளோஸ்டர் கோமகன் ராபர்ட் காலத்தில் ஆற்றோரக் கோட்டையை ஒட்டி உருவானது. மனை வாங்கி வாடகை கட்டுகிறவர்களுக்கு ஊருக்குள் வியாபார உரிமை. அவர்களைத்தான் பர்ஜெஸ் என்பார்கள். நிலத்தைப் பறிகொடுத்த வேல்ஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா, 1167-லேயே வந்து கொளுத்தினார்கள், அதற்குப் பிறகும் பலமுறை. ஒவ்வொரு முறையும் ஊர் எழுந்து நின்றது. 1330ஆம் ஆண்டு ஊர் விதிகள் இன்றும் கிடைக்கின்றன: ரொட்டியின் எடை குறையக் கூடாது, கசாப்புக்காரர்கள் தலையையும் காலையும் பெரிய தெருவில் எறியக் கூடாது. எறிந்துகொண்டிருந்தார்கள் என்பதால்தானே விதி! ஆனால் எனக்கு அதைப் படித்தபோதுதான் அது நிஜமான ஊராகவே தெரிந்தது.

தீயால் முடியாததை மணல் செய்தது. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே புயல்கள் கடல் மணலை உள்ளே தள்ளத் தொடங்கி, வயல், மேய்ச்சல் நிலம், தெரு என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. நடுவில் கொள்ளைநோய் வேறு. ஒரே இரவில் மூழ்கியது என்று சொல்வது கதைதான். உண்மையில் தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை அது. 15ஆம் நூற்றாண்டில் தேவாலயமே பக்கத்து பைல் கிராமத்துக்குப் போய்விட்டது. பழைய கோயிலை மேலிருந்து பிரித்து அதே வரிசையில் கட்டினார்களாம், அதனால் சின்னக் கற்கள் கீழேயும் பெரிய கற்கள் மேலேயும் இருக்கின்றன என்று அங்கே சொல்வார்கள். 1539 வாக்கில், ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பெழுதிய ஆங்கிலேயர் ஜான் லேலண்ட் வந்து பார்த்தபோது ஒரு சின்னக் கிராமமும் கோட்டையும் இடிந்து, மணலில் முக்கால்வாசி புதைந்து கிடந்தன. 1554-இல் கிளாமோர்கன் கடல் மணலுக்கென்றே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மணல் சட்டத்தையா படிக்கப் போகிறது?

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஊர் போனாலும் நகரமன்றம் போகவில்லை! பர்ஜெஸ்கள் தங்கள் உரிமைகளை விடாமல், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற மதுக்கடையின் மாடி அறையில் கூடி நகர நிர்வாகத்தைத் தொடர்ந்தார்கள். கீழே பீர், மேலே மன்றக் கூட்டம். (அதே மாடியில் ஞாயிறு பள்ளியும் நடந்தது.) பாராளுமன்றத் தேர்தலில் கூட, முதலில் கார்டிஃபோடும் 1832-க்குப் பிறகு ஸ்வான்சீயோடும் சேர்ந்து வாக்களித்தார்கள், ஊரே மணலுக்கடியில் இருக்க! 1886-இல்தான் அந்த மன்றத்தைக் கலைத்தார்கள், அதன் சொத்து ஓர் அறக்கட்டளைக்குப் போனது.

பக்கத்துக் கென்ஃபிக் ஏரிக்கடியில் பழைய நகரம் கிடக்கிறது, புயலுக்கு முன் மணிச்சத்தம் கேட்கும் என்பார்கள். நம்ப வேண்டாம், ஊர் இருந்த இடம் ஏரிக்கு வடக்கே, கோட்டையைச் சுற்றி. இப்போது அங்கே மணல்மேட்டுக்கு மேல் கோட்டைச் சுவரின் மிச்சம் கொஞ்சம் தலைகாட்டுகிறது.