பேட்டரி ஸ்டேப்ளர் வாங்கலாமா, கை ஸ்டேப்ளரே போதுமா?

வீட்டுச் சில்லறை வேலைக்கும் கொல்லைப்புற வேலைக்கும் மரத்தில் பின் அடிக்கிற பேட்டரி ஸ்டேப்ளர் வாங்கினால் பிரயோசனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஐம்பது பின் அடிக்கிற ஆள் என்றால் வேண்டாம், காசு தண்டம். நான் வாங்கியதற்குக் காரணம் கோழிக்கூண்டு.

நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு வந்தபோது பெரியப்பா கட்டிய பலகை வீடு. ஒரே வாரத்தில் மூசாங், அதாவது மரநாய், மூன்று கோழியைத் தூக்கிவிட்டது. கூண்டு முழுக்க வலை மாற்றக் கை ஸ்டேப்ளரோடு உட்கார்ந்தேன். நூறு பின் தாண்டியதும் கட்டைவிரலுக்குக் கீழே விண்விண் என்று தெறித்தது. ராத்திரி சோறு பிசைய முடியவில்லை. கை ஸ்டேப்ளருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை நம் கைதான் அழுத்த வேண்டும். பேட்டரி ஸ்டேப்ளரில் அந்தப் பாடு மோட்டாருக்கு. என் டிரில்லின் 18 வோல்ட் பேட்டரியே பொருந்துகிற மாதிரி ஒன்றை வாங்கினேன். நாற்காலி மெத்தைக்குத் துணி மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் 3.6 வோல்ட் சின்ன வகையே தாராளம்.

மெஷினைவிடப் பின்னில்தான் நான் கோட்டைவிட்டேன். என்னுடையது டி50 வகைப் பின் கேட்பது. பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று 53 வகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது மெல்லிய கம்பி, நாலாவது அடியிலேயே சிக்கிக்கொண்டது. சிக்கினால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், அப்புறம் நோண்டுங்கள். நீளத்தைப் பொறுத்தவரை துணிக்கு 8 மில்லிமீட்டர், வலைக்கு 10 அல்லது 12 எனக்குச் சரியாக இருக்கிறது.

மரத்தையும் பார்க்க வேண்டும். மெராந்தி, பிளைவுட் எல்லாம் வெண்ணெய் மாதிரி. எங்கள் வீட்டுத் தூண் மலாய்க்காரர்கள் செங்கல் என்று சொல்கிற மரம். பின் அடித்துப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்: பாதி இறங்கிக் கால் மடங்கி நிற்கும். அங்கே துளை போட்டு ஸ்குரூதான். மற்ற மரங்களில் அடிக்கும்போது பின்னின் இரண்டு காலும் மரத்தின் ஒரே ரேகையில் இறங்காமல் ஸ்டேப்ளரைக் கொஞ்சம் குறுக்காகத் திருப்பிப் பிடியுங்கள், மரம் பிளக்காது. இன்னொரு கையால் ஸ்டேப்ளரின் தலையை அமுக்கிக்கொண்டால் பின் மேலே துருத்தாது.

வெளியே அடிக்கிற பின் எவர்சில்வராக இருக்கட்டும். நம் ஊர் மழைக்கு என் முதல் பெட்டிப் பின் ஒரு வருஷத்தில் துருப்பிடித்து, அம்மாவின் கீரைப் பாத்திக்கு மேலே கட்டிய கறுப்பு நிழல்வலை ஒரு காற்றில் பிய்ந்து பக்கத்து வீட்டு ரம்புத்தானில் போய்த் தொங்கியது. இப்போது வலையின் ஓரத்தை இரண்டாக மடித்து, மேலே மெல்லிய சட்டம் வைத்து, சட்டத்தின் மேல்தான் பின் அடிக்கிறேன். கோழிக்கூண்டுக்கு அதுவும் போதாது. சட்டத்துக்குக் கூடுதலாக ஸ்குரூ போட்டிருக்கிறேன். மூசாங் பல்லாலும் இழுக்கும், நகத்தாலும் இழுக்கும்.

தீபாவளி லைட் வயரை மட்டும் இதால் அடித்துவிடாதீர்கள். தட்டைப் பின் வயருக்குள் இறங்கினால் ஷாக்தான். அதற்குக் கடையில் பிளாஸ்டிக் கிளிப் விற்கிறது, சுத்தியலே போதும்.