பரோலில் வந்தவர் நிபந்தனையை மீறினால் போலீசே பிடித்து உள்ளே தள்ள முடியுமா?

கேட்டிருக்கும் தம்பியின் சித்தப்பா ஆயுள் தண்டனைக் கைதி. பரோலில் கடலூர் பக்கம் ஊருக்கு வந்திருக்கிறார். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. "எல்லையைத் தாண்டினால் அப்படியே தூக்கி உள்ளே போட்டுடுவேன்" என்று ஏட்டு மிரட்டுகிறாராம். ராத்திரியிலும் வந்து கதவைத் தட்டுகிறார்களாம். இதற்கெல்லாம் போலீசுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது கேள்வி.

நான் இந்த மாவட்டத்தில் போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் ஆயுதப்படையில் கைதி வழிக்காவல், அப்புறம் ஸ்டேஷன்களில் ரைட்டர். மிரட்டுகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

நம் ஊரில் பரோல், கண்டிஷன் பெயில், நன்னடத்தைப் பிணை (குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் ஒழுங்காக இருப்பேன் என்று கோர்ட் எழுதி வாங்கிக்கொண்டு விடுவது) மூன்றையும் "கையெழுத்து போடுற கேஸ்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். ஸ்டேஷனிலும் மூன்று பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வெளியே விட்டது யார் என்று பாருங்கள். பெயிலிலும் நன்னடத்தைப் பிணையிலும் விட்டது கோர்ட். பரோலில் விட்டது சிறைத்துறை அல்லது அரசு, சில சமயம் ஹைகோர்ட். விட்டவர்கள்தான் திரும்ப இழுக்க வேண்டும். ஏட்டின் வேலை கவனிப்பது, எழுதுவது, மேலே அனுப்புவது.

பரோலுக்கு தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இருக்கின்றன. அதில் இதற்குப் பெயர் விடுப்பு. நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு. சில வருடம் உள்ளே இருந்தபின் கிடைப்பது சாதாரண விடுப்பு. நிபந்தனையை மீறினால் என்ன என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 432(3). 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் 473(3). நிபந்தனை மீறப்பட்டதாக அரசு கருதினால் நிறுத்திவைப்பை ரத்து செய்யலாம். ரத்தான பிறகு எந்தப் போலீஸ்காரரும் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், மிச்சத் தண்டனைக்கு உள்ளே அனுப்பலாம். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ரத்து, பிறகு கைது.

ஒருமுறை விடுப்பில் வந்த ஒருவர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் எங்கள் ஆட்களிடம் மாட்டினார். ஆர்டரில் "மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது" என்று இருந்தது. கடலூர்க்காரருக்கு இதைவிடக் கஷ்டமான நிபந்தனை கிடையாது. அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் முள்ளோடை, அங்கிருந்து புதுச்சேரி, சரக்கு விலையும் குறைவு. மனுஷன் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். லாக்கப்பில் போட வேண்டும் என்று ஒரே சத்தம். கடைசியில் இன்ஸ்பெக்டர் விலாசத்தைச் சரிபார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நடந்ததைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதச் சொன்னார். விடுப்பு ரத்தான உத்தரவு வந்த பிறகுதான் போய் அழைத்து வந்து கேப்பர் மலையில், அதாவது கடலூர் மத்திய சிறையில், ஒப்படைத்தோம். அந்த இன்ஸ்பெக்டர் செய்ததுதான் முறை. எல்லா இன்ஸ்பெக்டரும் அப்படி இல்லை என்பதும் உண்மை.

வெளியே இருக்கும்போது புதிதாக அடிதடி, திருட்டு என்று எதிலாவது சிக்கினால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அந்தக் கேஸிலேயே பிடிப்பார்கள். விடுப்பு முடிந்தும் திரும்பாவிட்டால் சிறையிலிருந்து புகார் வரும், கேஸ் பதிவாகும், தேடல் ஆரம்பிக்கும். இந்த இரண்டிலும் சித்தப்பாவுக்காகப் பேச வருகிற வக்கீலுக்கே பேச்சு வராது.

ராத்திரி கதவு தட்டுவதற்கு வருவோம். சொன்ன விலாசத்தில் இருக்கிறாரா என்று வெளியே கூப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. தண்டனைக் கைதிதானே, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சாக்கிட்டு உள்ளே புகுந்து பீரோவைக் கிளற முடியாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் பரோலில் இருப்பவரைச் சந்தேகமே இல்லாமலும் சோதனை போடலாம் என்று 2006இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது. படம் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிற போலீசார் உண்டு. இங்கே வீட்டைச் சோதனை போட எல்லோருக்கும் உள்ள அதே சட்டம்தான். ரவுடிப் பட்டியல் மாதிரியான கண்காணிப்பில்கூட, ராத்திரி வீடு புகுந்து பார்ப்பது செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் கரக் சிங் வழக்கில் 1962லேயே சொல்லிவிட்டது.

வழிக்காவலோடு வரும் பரோல் இன்னொரு மாதிரி. அதில் கைதி எங்கள் பொறுப்பிலேயே இருப்பார். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மகள் கல்யாணத்துக்கு ஒருவரைக் கூட்டிப்போனோம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் மப்டி. "அவரோட வேலை பார்க்கிறவங்க" என்று பெண்ணின் அம்மா சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்திருந்தார். கைவிலங்கை வழியிலேயே கழற்றிவிட்டேன். கூட வந்தவர் முறைத்தார். வழக்கமாக விலங்கு போடக் கூடாது என்ற 1980 பிரேம் சங்கர் சுக்லா தீர்ப்பைச் சொன்னேன், "ஓடினா தீர்ப்பா வந்து பிடிக்கும்?" என்றார். தாரை வார்க்கும்போது கைதி கையை நீட்டினார், மணிக்கட்டில் விலங்கின் தடம் அப்படியே சிவந்திருந்தது. அதன்மேல்தான் தண்ணீர் ஓடியது. பந்தியில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டார், "ஏட்டய்யா, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா" என்று உபசாரம் வேறு.

நன்னடத்தைப் பிணை, அதாவது 1958ஆம் ஆண்டின் சட்டம், போலீசுக்கு இன்னும் தூரம். அதைக் கவனிப்பவர் நன்னடத்தை அலுவலர். மீறினால் கோர்ட்தான் வாரண்டோ சம்மனோ அனுப்பும். வாரண்ட் வந்தால் நாங்கள் நிறைவேற்றுவோம், அவ்வளவே. முதல் மீறல் என்றால், வேண்டுமானால் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு கோர்ட் விட்டுவிடலாம். இன்றைக்கு அது இரண்டு பேர் டிபன் சாப்பிடக்கூட ஆகாது. ஆனால் மனது வைத்தால் பழைய குற்றத்துக்கான தண்டனையையே கொடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, அதை மறந்துவிட வேண்டாம். கண்டிஷன் பெயிலிலும் நாங்கள் ரத்து கேட்டு மனுதான் போட முடியும்.

இத்தனை சட்டம் இருந்தும் ஆட்கள் மாட்டுவது பெரும்பாலும் கையெழுத்து நோட்டில்தான். ஒரு ஸ்டேஷனில் நான் ரைட்டராக இருந்தபோது, காலை பத்து மணிக்கு வர வேண்டிய பையன் வந்து நிற்பான். நோட்டு என் மேஜை டிராயரில், நான் கோர்ட் டூட்டியில். பாராவில் நிற்பவர் "சாயங்காலம் வா" என்பார். சாயங்காலம் வந்தால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும், அவசரத்தில் நானே "வரவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அப்படி இரண்டு நாள் எழுதியதை வைத்து அவன் பெயிலை ரத்து செய்யச் சொல்லி மனு போனது. வக்கீல் பஸ் டிக்கெட்டைக் காட்டித் தப்பவைத்தார். என் தப்பு அது.

அதனால் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: ஆர்டரின் நகல் சட்டைப் பையில் இருக்கட்டும். எல்லை என்று அதில் ஸ்டேஷனைச் சொல்லியிருக்கிறதா மாவட்டத்தைச் சொல்லியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை விடாமல் படியுங்கள், ஏட்டு வாயால் சொல்வது எல்லை ஆகாது. நோட்டு இல்லை என்று திருப்பி அனுப்பினால் அன்றைக்கே ஸ்டேஷனுக்கும் சிறைக் கண்காணிப்பாளருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மதியத்துக்குள்ளேயே கேப்பர் மலைக்குக் கிளம்பிவிடச் சொல்லுங்கள். மழை, பஸ் இல்லை என்று கேட்டில் போய்ச் சொன்னால் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.