அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்திலிருந்து மிச்சிகன் மாநிலத்துக்குக் குடிவந்திருக்கிறேன். இங்கே என் வண்டியை போலீஸ் நிறுத்தினால் கைத்துப்பாக்கி இருப்பதைக் கேட்காமலே சொல்ல வேண்டுமா? கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்கிறார் நண்பர்.

சொல்லியே ஆகவேண்டும், போலீஸ்காரர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. மிச்சிகன் உரிமத்தோடு துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்பவர், அது இடுப்பில் இருந்தாலும் வண்டிக்குள் இருந்தாலும், நிறுத்தப்பட்டவுடன் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். முதல் தடவை தவறினாலே 500 டாலர் அபராதம், 6 மாதம் உரிமம் முடக்கம்.

"கேட்டால் மட்டும் சொன்னால் போதும்" என்று உங்கள் நண்பர் சொன்னது ஒஹாயோ சட்டமாக இருக்கும், அங்கே 2022-ல்தான் அப்படி மாற்றினார்கள். நீங்கள் அங்கிருந்து குடிவந்தவர் என்பதால் இரண்டும் கலந்துவிட்டது. மாநில போலீஸ் இணையதளத்தில் உரிமதாரர் கடமைகள் பக்கத்தை ஒருமுறை பாருங்கள், எல்லை தாண்டும் முன் அந்த மாநிலத்துக்கும் பாருங்கள்.

அப்புறம், சொல்லும் விதம். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், உள்விளக்கு எரியட்டும். "என்னிடம் துப்பாக்கி உரிமம் இருக்கிறது, துப்பாக்கி இந்தப் பக்கம் இருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு அசையாமல் இருங்கள். அவர் சொல்லாமல் பர்ஸைக்கூட எடுக்காதீர்கள்.

ஆனால் சொல்லிவிட்டால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2016-ல் மின்னசோட்டாவில் உரிமம் வைத்திருந்த பிலாண்டோ காஸ்டீல் துப்பாக்கி இருப்பதை அமைதியாகத்தான் சொன்னார், சில வினாடிகளில் அவரைச் சுட்டுவிட்டார்கள்.